ஆளுங்கட்சியை மக்கள் ஏன் தோற்கடிக்கிறார்கள்? தமிழ்நாட்டுத் தேர்தல்களை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984-இல் எம்.ஜி.ஆர். மறுபடி ஜெயித்தார். அதற்குப் பிறகு 2016 வரை தமிழ்நாட்டில் எந்த ஆளுங்கட்சியும் தொடர்ந்து இரண்டாவது முறை ஆட்சிக்கு வரவில்லை. நடுவில் எத்தனையோ நல்ல திட்டங்கள் வந்தன, பெரிய பெரிய பாலங்கள் எழும்பின, வீட்டுக்கு வீடு பொருள்கள் வந்து இறங்கின. ஆட்சி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். 1989 தொடங்கி ஓய்வு பெறும் வரை தேர்தல் பணி பார்த்தேன். சாவடியிலும் உட்கார்ந்திருக்கிறேன், வாக்கு எண்ணும் மேசையிலும் நின்றிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள், அக்கம்பக்கத்தார், டீக்கடை நண்பர்கள் என்று பல பேர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நம் மக்களை 'காசுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்' என்று போகிறபோக்கில் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

'அலை அடித்தது' என்கிறார்களே, ஊரே ஒரேயடியாக மனம் மாறிவிடுமா?

மாறாது. எந்தத் தேர்தலிலும் மாற்றிப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 1967-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் இந்த மண்ணில் ஆட்சியை இழந்த தேர்தல் அது. பிறகு இன்று வரை தனியாக ஆட்சிக்கு வரவில்லை. அவ்வளவு பெரிய தோல்வியில் எத்தனை பேர் அந்தக் கட்சியைக் கைவிட்டார்கள் தெரியுமா? 1962-இல் அதற்குக் கிடைத்தது சுமார் 46 சதவீதம். 1967-இல் சுமார் 41 சதவீதம். நூறு பேரில் ஐந்து பேர். சொல்லப்போனால் தி.மு.க.வை விடக் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு ஒரு மயிரிழை அதிகம்.

ஆனால் இடங்கள்? 1962-இல் 206-க்கு 139. 1967-இல் 234-க்கு 51. தி.மு.க.வுக்கு 137.

அந்த ஐந்து பேரை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 1962-இல் எதிர்ப்பு ஓட்டு பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடியது. 1967-இல் அண்ணா அதை ஒரே வாய்க்காலில் திருப்பினார். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக், சோசலிஸ்டுகள், ம.பொ.சி., ஆதித்தனார் என்று ஒருவருக்கொருவர் ஒத்தே போகாதவர்களை ஒரே மேடையில் உட்கார வைத்தார்.

ஆகவே ஆட்சி கவிழப் பெரும்பாலும் இரண்டு வேண்டும். கோபம் வேண்டும், அந்தக் கோபம் போய்ச் சேர ஒரே இடமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஆளுங்கட்சி பெரும்பாலும் தப்பித்துவிடும். கீழே வரும் பதில்களில் இதைப் பல முறை பார்ப்பீர்கள்.

1967-இல் அப்படி என்ன கோபம்?

சோறு ஒன்று, மொழி ஒன்று.

1965, 66-இல் மழை பொய்த்தது. அரிசி கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலை கட்டுப்படியாகவில்லை. வரிசையில் நின்று அளந்து வாங்க வேண்டியிருந்தது. தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றது. படி என்பது அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இருந்த பாத்திரம். பொருளாதாரப் புள்ளிவிவரம் சொல்லி யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அரிசிப் பானைக்குள் படி தரை தட்டும் சத்தம் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

மொழிப் போராட்டம் 1965 ஜனவரியில் வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இதில் உண்டு. அப்போது ஓட்டுரிமை வயது 21. பதினெட்டாகக் குறைந்தது 1989-இல்தான். ஆக, 1965-இல் அடிபட்ட மாணவர்களில் ஏராளமானவர்களுக்கு 1967-இல் ஓட்டே கிடையாது. அவர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் அப்பா அம்மாவிடமும், மாமன் சித்தப்பாவிடமும் பேசினார்கள். கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளை சொன்னால் அந்த வீடு கேட்கும். அந்தப் பிள்ளைகளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்த பள்ளிகளில் பெரும்பகுதி காமராஜர் ஆட்சியில் திறந்தவை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும்.

காமராஜரையே தோற்கடித்தார்களே, மக்கள் நன்றி கெட்டவர்கள் இல்லையா?

இந்தக் கேள்வியை வருத்தத்தோடு கேட்பவர்கள் அதிகம். விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார்.

காமராஜர் 1963-லேயே முதலமைச்சர் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போய்விட்டார். பிறகு அகில இந்தியத் தலைவர். 1965-இல் துப்பாக்கிச்சூடு நடந்தபோதும், அரிசிக்கு வரிசை நீண்டபோதும் கோட்டையில் இருந்தது அவரல்ல. ஆனாலும் வாக்குச்சீட்டில் இருந்தது கட்சிச் சின்னம். மக்களால் 'உங்கள் மேல் மரியாதை, உங்கள் ஆட்சி மேல் கோபம்' என்று சீட்டில் எழுதிப் போட முடியாது. ஒரு முத்திரைதான் குத்த முடியும்.

நன்றி இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. இரண்டே ஆண்டில், 1969 ஜனவரியில், நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அதே காமராஜரைத் தமிழ்நாட்டு மக்கள் ஜெயிக்க வைத்தார்கள். அப்போது மாநிலத்தில் ஆட்சி தி.மு.க.வுடையது. செய்த நல்லதுக்கு மரியாதை தருவார்கள். இன்றைக்குப் படும் கஷ்டத்தை அந்த மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊழல் புகார் வந்தால் ஆட்சி கவிழுமா?

புகார் மட்டும் போதாது. கோடிகளில் சொல்லப்படும் தொகை சாதாரணக் குடும்பத்துக்குக் கைக்கு எட்டுவதில்லை. ஒரு லட்சம் கோடிக்கும் ஒரு கோடிக்கும் உள்ள வித்தியாசம் மாதம் எட்டாயிரம் சம்பாதிக்கிறவருக்கு என்ன தெரியும்? கண்ணால் பார்க்கும்போதுதான் அது உறைக்கும்.

1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணம் அப்படி உறைத்த காட்சி. முதலமைச்சர் ஜெயலலிதா மாதம் 1 ரூபாய் மட்டும் சம்பளம் வாங்குவதாகச் சொல்லியிருந்தவர். அந்த ஒரு ரூபாயையும் அந்தக் கல்யாணப் பந்தலையும் மக்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நம் ஊரில் கல்யாணச் செலவு என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். மகளைக் கட்டிக்கொடுக்கக் கடன் வாங்கியவர், நகையை அடகு வைத்தவர், மொய் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். ஒதுக்கீடு, டெண்டர், நிலப் பேரம் என்றால் புரியாமல் போகலாம். பந்தியும் பந்தலும் புரியாமல் போகாது.

1996-இல் அ.தி.மு.க. 168 தொகுதிகளில் நின்று 4-இல் ஜெயித்தது. பர்கூரில் ஜெயலலிதாவே தி.மு.க.வின் சுகவனத்திடம் 8,366 ஓட்டில் தோற்றார். கோபம் மட்டும் இல்லை, அது சேர இடமும் இருந்தது. காங்கிரஸ் மேலிடம் அ.தி.மு.க.வோடு கூட்டு என்றதும் மூப்பனார் வெளியே வந்து த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) தொடங்கித் தி.மு.க.வோடு சேர்ந்தார். ரஜினிகாந்த் அந்தக் கூட்டணிக்கு ஆதரவு சொன்னார். மூப்பனாரின் கட்சிக்கு 39 இடம். காங்கிரசுக்குப் பூஜ்யம்.

அந்தத் தேர்தலில் நான் எண்ணும் மேசையில் இருந்தேன். அப்போது சீட்டு முறை. சின்னம் வாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்குவோம். முதல் சுற்றிலேயே ஒரு பக்கம் கட்டுகள் உயர்ந்துகொண்டே போக, இன்னொரு பக்கம் மேசைப் பலகை தெரிந்தது. ஆளுங்கட்சி முகவர் ஒருவர் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கையில் பேனா மூடியோடு பேசாமல் நின்றார். எனக்குத் தெரிந்த மனிதர், நல்ல மனிதர். அவர் தெருவில் அவர் யாரையும் அதட்டியதில்லை. அந்தத் தெருவும் அன்றைக்கு மாற்றித்தான் போட்டிருந்தது.

மின்வெட்டு ஒரு ஆட்சியைக் கவிழ்க்குமா?

2011-இல் தி.மு.க. ஆட்சியைக் கவிழ்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2008-இல் தொடங்கிய பற்றாக்குறை தேர்தல் வரைக்கும் தீரவில்லை. சென்னைக்குக் குறைந்த நேரம், மாவட்டங்களுக்கு அதிக நேரம் என்று வெட்டினார்கள். அந்தப் பாகுபாடே ஒரு தனிக் கோபம்.

பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓடும் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தறி ஓடும்போது காதில் வேறெதுவும் விழாது. கரண்ட் போன நொடியில் அத்தனை தறியும் ஒன்றாக நிற்கும். அந்த அமைதி ஆளை உலுக்கும். நாடா பாதி வழியில் நிற்கும், இழை அறுந்திருக்கும். கரண்ட் வந்ததும் அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். தறிக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது, நெய்த மீட்டருக்குத்தான் கூலி. திட்டமிட்ட வெட்டு மூன்று மணி நேரம், சொல்லாமல் போவது ஒரு மணி நேரம் என்றால், வாரக் கடைசியில் கூலி வாங்கும்போது கை எவ்வளவு குறைகிறது என்று அவருக்குத் தெரியும். விவசாயியும் அப்படித்தான். மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்தால் நடுராத்திரி எழுந்து மோட்டார் போட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை மெழுகுவத்தி வைத்துப் படித்தது.

மின்வெட்டுக்குப் பிரசாரமே தேவையில்லை. ஒவ்வொரு முறை விசிறி நிற்கும்போதும் ஆட்சியின் பெயர் வீட்டுக்குள் வரும்.

அந்த ஆண்டு ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் சேர்ந்துகொண்டது. நொய்யல் ஆற்று மாசு பல ஆண்டுப் பிரச்சினை, உத்தரவு போட்டது நீதிமன்றம். இருந்தும் வேலை இழந்தவர்கள் ஆட்சியைத்தான் கேட்டார்கள். விலைவாசி, அலைக்கற்றை விவகாரம், குடும்ப ஆதிக்கம் என்ற பேச்சு எல்லாம் மேலே ஏறின. தி.மு.க.வுக்கு 23 இடம். விஜயகாந்தின் தே.மு.தி.க. 29 இடம் வாங்கி முக்கிய எதிர்க்கட்சி ஆனது.

2012-இல் மின்வெட்டு இன்னும் மோசமானதே, அப்புறம் ஏன் 2014 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. தோற்கவில்லை?

நல்ல கேள்வி. தோற்கவில்லை என்பதோடு நிற்கவில்லை, 39-இல் 37 இடம் ஜெயித்தது, தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை.

முதல் காரணம், புதிதாக வந்தவருக்கு மக்கள் தவணை கொடுப்பார்கள். 'போன ஆட்சி கெடுத்துவிட்டுப் போனது' என்ற விளக்கம் இரண்டு ஆண்டு வரை செல்லும், ஐந்தாவது ஆண்டில் செல்லாது. இரண்டாவது, 2014-க்குள் நிலைமை கொஞ்சம் தேறியிருந்தது. எவ்வளவு கஷ்டம் என்பதை விட, கஷ்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். மூன்றாவது, எதிர்ப்பு ஓட்டு தி.மு.க., காங்கிரஸ், பா.ஜ.க. கூட்டணி, இடதுசாரிகள் என்று நாலாகப் பிரிந்து கிடந்தது. முதல் பதிலில் சொன்ன அதே வாய்க்கால் கணக்கு.

இவ்வளவு இலவசம் கொடுத்தும் ஏன் தோற்கிறார்கள்?

2006-இல் வந்த தி.மு.க. ஆட்சி சொன்னபடி கலர் டி.வி. கொடுத்தது. கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ரேஷன் அரிசியைக் கிலோ 2 ரூபாய்க்குக் கொடுத்துப் பிறகு 1 ரூபாயாகவும் ஆக்கியது. காப்பீட்டுத் திட்டத்தில் பலருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் உண்மையான உதவிகள். அவற்றைக் கேவலமாகப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ரூபாய் அரிசியால் பட்டினி நீங்கிய வீடுகளை எனக்குத் தெரியும்.

ஆனால் வாங்கிய பொருள் ஒரு முறைதான் சந்தோஷம் தரும். பிறகு அது வீட்டுச் சாமான். அதற்குள் எதிர்க்கட்சியும் அதே மாதிரி ஒன்றைச் சொல்லிவிடும். 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அ.தி.மு.க. சொன்னது. இரண்டு பக்கமும் தட்டில் ஒரே எடை வைத்தால் முள் நடுவில்தான் நிற்கும். அதைச் சாய்ப்பது வேறு ஏதாவதாக இருக்கும். அந்த முறை சாய்த்தது மின்வெட்டு. டி.வி. இருக்கிறது, கரண்ட் இல்லை.

பணம் வாங்கினால் வாங்கின கட்சிக்குத்தானே போடுவார்கள்?

2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல். பணம் ஆறாக ஓடியதாக நாடே பேசி, 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. ஆளுங்கட்சியான தி.மு.க. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டே ஆண்டில் 2011 பொதுத்தேர்தலில் அதே திருமங்கலம் அ.தி.மு.க. பக்கம் போனது.

இடைத்தேர்தலில் ஆட்சி மாறப் போவதில்லை என்று வாக்காளருக்குத் தெரியும். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால் ரோடாவது வரும் என்று கணக்குப் போடுவார். பொதுத்தேர்தலில் கணக்கு வேறு. பணத்தை வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'எங்க காசுதானே, எங்களுக்கே வருது' என்று என் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பணம் கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடுமையாக நடக்கும் போட்டிகளில் அது வேலையும் செய்யும். ஆனால் ஒரு ஆட்சியை வெறுத்துவிட்ட ஊரை அந்தப் பணத்தால் திருப்ப முடியாது.

அரசு ஊழியர் கோபம் ஆட்சியை மாற்றுமா?

தனியாக மாற்றாது. ஆனால் ஒரு ஊழியர் ஓட்டு ஒரு ஓட்டோடு நிற்பதில்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அன்றைய ஜெயலலிதா அரசு டிஸ்மிஸ் செய்தது. வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டப்படி அரசு ஜெயித்தது. ஆனால் கிராமத்தில் வாத்தியாரும், வி.ஏ.ஓ.வும், நர்சும் யார்? மனு எழுதித் தருகிறவர், எந்த பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்கிறவர். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத செய்தி ஊருக்கே தெரியும். 'வாத்தியாருக்கே இந்தக் கதியா' என்ற பேச்சு எந்தத் துண்டறிக்கையை விடவும் வேகமாகப் போகும்.

தோற்கப் போகிறோம் என்று ஆளுங்கட்சிக்கு முன்கூட்டியே தெரியுமா?

மக்கள் பெரும்பாலும் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் தண்டிக்கிறார்கள். இரண்டு எச்சரிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1979-இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி 39-இல் 37-ஐ அள்ளியது. எம்.ஜி.ஆர். உடனே அந்த வரம்பை நீக்கினார், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். பிப்ரவரியில் மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் 129 இடங்களோடு திரும்ப வந்தார். நாலே மாதத்தில் அதே மக்கள். தவறைத் திருத்திக்கொண்டார் என்ற எண்ணமும், கலைத்தது அநியாயம் என்ற எண்ணமும் சேர்ந்தன.

2004 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி 39-ஐயும் எடுத்தது. முடிவு வந்த சில நாளிலேயே ஜெயலலிதா பல முடிவுகளைத் திரும்பப் பெற்றார். மதமாற்றத் தடைச் சட்டம் போயிற்று, விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்ப வந்தது, ஊழியர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகள் ரத்தாயின. அப்படியும் 2006-இல் ஆட்சி போனது. ஆனால் 61 இடம் வந்தது. 1996-இல் 4 என்பதோடு ஒப்பிட்டால், திருத்திக்கொண்டது வீண் போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரே நாளில் ஒரே ஆள் இரண்டு கட்சிக்குப் போடுவாரா?

போட்டிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு 18 சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தன. மே மாதம் இன்னும் 4. நாடாளுமன்றத்தில், ஆகஸ்டில் தேர்தல் நடந்த வேலூரையும் சேர்த்து, தேனியைத் தவிர 38-ஐயும் தி.மு.க. கூட்டணி எடுத்தது. சட்டமன்றத்தில் 22-இல் 9-ஐ அ.தி.மு.க. பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தது தி.மு.க., அதற்குள்ளேயே இருக்கும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் சட்டமன்றத்துக்கு ஜெயித்தது அ.தி.மு.க. ஒரே சாவடி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இயந்திரம். டெல்லி மேல் உள்ள கோபத்தையும் கோட்டை மேல் உள்ள கோபத்தையும் பிரித்து அளந்து போட்டிருக்கிறார்கள். சின்னத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவர்கள் செய்கிற வேலையா இது?

2016-இல் மட்டும் ஆளுங்கட்சி எப்படித் தப்பியது?

கோபம் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியது. நிவாரணப் பொட்டலத்தில் முதலமைச்சர் படம் ஒட்டிய ஸ்டிக்கர்களைப் பார்த்து மக்கள் கொதித்தார்கள். சென்னையில் பெரும்பாலான இடங்கள் தி.மு.க.வுக்குப் போயின. ஆனால் வெள்ளம் வராத மாவட்டங்களில் அந்தக் கோபம் அந்த அளவு இல்லை. எதிர்ப்பு ஓட்டோ தி.மு.க. கூட்டணி, மக்கள் நலக் கூட்டணி, பா.ம.க., பா.ஜ.க. என்று சிதறியது. விஜயகாந்தை முன்னிறுத்திய மக்கள் நலக் கூட்டணிக்கு ஒரு இடம்கூட வரவில்லை. இரண்டு பெரிய அணிகளுக்கும் நடுவே ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அ.தி.மு.க. 134 இடத்தோடு வந்தது.

இதன் மறுபக்கம் 2001. உழவர் சந்தை, சமத்துவபுரம், சென்னை மேம்பாலங்கள் என்று பேர் வாங்கிய ஆட்சி தி.மு.க.வுடையது. மக்களிடம் பெரிய கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் த.மா.கா., பா.ம.க., காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாரும் அ.தி.மு.க. பக்கம் போய்விட்டார்கள். தி.மு.க.வுக்கு 31 இடம். முதல் பதிலில் சொன்ன கணக்குக்கு இது விதிவிலக்கு. அபூர்வமாகக் கோபம் இல்லாமலும் ஆட்சி போகும், அணி மட்டும் கலைந்தால் போதும்.

ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுவது வெறும் பழக்கம்தானே?

பழக்கம் என்றால் எம்.ஜி.ஆர். 1977, 1980, 1984 என்று மூன்று முறை ஜெயித்திருக்க முடியாது. கேரளத்தில் 1980-களிலிருந்து மாறி மாறி வந்ததை எல்லாரும் பழக்கம் என்றார்கள். 2021-இல் இடது முன்னணி 99 இடத்தோடு மறுபடி வந்தது. மேற்கு வங்கத்தில் அதே இடதுசாரிகள் 34 ஆண்டு இருந்தார்கள். சிங்கூர், நந்திகிராமில் விவசாயிகள் நிலத்தில் கை வைத்த பிறகு 2011-இல் போனார்கள்.

ஆளுங்கட்சி தோற்றாலும் சில மாவட்டம் முழுக்க அதற்கே போடுகிறதே?

2021-இல் ஆட்சி மாறியது. தி.மு.க.வுக்கு 133 இடம், அ.தி.மு.க.வுக்கு 66. ஆனால் கோவை மாவட்டத்தில் பத்துக்குப் பத்தும் அ.தி.மு.க. அணிக்கு. முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி மேற்கு மாவட்டக்காரர், அந்தப் பக்கத்துக்கு வேலைகள் நடந்தன என்ற எண்ணம் அங்கே இருந்தது. பத்தாண்டு ஆண்ட கட்சி, அதன் பெரும் தலைவர் மறைந்த பிறகும் இவ்வளவு வாங்கியது என்றால் மக்கள் அதை வெறுக்கவில்லை, மாற்றிப் பார்க்க நினைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1996-இன் தோல்வியும் 2021-இன் தோல்வியும் ஒரே வகை இல்லை.

கோபம் சேர்கிறதா என்று தேர்தலுக்கு முன்பே எங்கே போய்ப் பார்க்கலாம்?

திங்கட்கிழமை காலையில் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நுழையும் இடத்தில் போலீசார் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை மோந்து பார்ப்பார்கள். நியாயம் கிடைக்காதவர்கள் இந்த வாசல்களில் உடம்பில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்ட கொடுமை நடந்திருப்பதால் அந்தச் சோதனை.

வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியின் கையைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பழைய மனுக்களின் ரசீதுகளை அடுக்கி வைத்திருப்பார். முதியோர் உதவித்தொகை நின்று போயிருக்கும், அல்லது பட்டா பெயர் மாறாமல் கிடக்கும். 'இது எத்தனாவது தடவை பாட்டி?' என்று கேளுங்கள். முதல் தடவை என்றால் அவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அஞ்சாவது, ஆறாவது என்று ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறவர்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.